உடம்புக்குள் கன்னம் வைக்கும் கிருமி!

திருடர்களில் இரண்டு வகை உண்டு.

ஒருவன் தெரு வழியாக வருவான். வாசல் பூட்டை உடைப்பான். பொருளை எடுத்துக் கொண்டு மறுபடியும் தெருவில் இறங்கி ஓடுவான். ரோந்து சுற்றும் போலீஸ்காரர் கண்ணில் பட்டால் மாட்டிக் கொள்வான்.

இன்னொருவன் கன்னக்கோல் திருடன். அவன் ஒரு தடவை ஒரு வீட்டுக்குள் புகுந்து விட்டால் போதும். பிறகு தெருவுக்கே வர மாட்டான். நடுச் சுவரில் கன்னம் வைத்து அடுத்த வீட்டுக்குப் போவான். அங்கிருந்து அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போவான். தெருவில் நூறு போலீஸ்காரர் நின்றாலும் என்ன பயன்?

நோய்க் கிருமிகளிலும் இந்த இரண்டாவது வகை உண்டு. சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் கிருமி அப்படிப்பட்டதுதான். வயதானவர்களைப் பாடாய்ப் படுத்தும் அக்கியும் அதே கிருமியின் வேலைதான்.

இந்தக் கிருமி எதைக் கொண்டு கன்னம் வைக்கிறது? விஞ்ஞானிகள் அதன் கன்னக்கோலையே கண்டுபிடித்து விட்டார்கள். கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. அந்தக் கன்னக்கோலைக் கொண்டே கிருமியை மடக்கவும் வழி செய்து விட்டார்கள்!

ஊர்ந்து செல்லும் குடும்பம்

சின்னம்மைக் கிருமி 'ஹெர்பிஸ்' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் 'ஊர்வது' என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. தோலில் கொப்புளங்கள் ஊர்ந்து ஊர்ந்து பரவுவதைப் பார்த்து அந்தக் காலத்து வைத்தியர்கள் இப்படிப் பெயர் வைத்தார்கள்.

மனிதரைப் பிடிக்கும் ஹெர்பிஸ் வைரஸ்கள் 9 வகை. காய்ச்சல் வந்தால் சிலருக்கு உதட்டு ஓரத்தில் நீர்க் கொப்புளம் கிளம்பும். அதை உண்டாக்குவது ஒரு வகை. சின்னம்மையை உண்டாக்குவது இன்னொரு வகை.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. உடம்புக்குள் ஒரு முறை வந்து விட்டால் சாகும் வரை வெளியே போகாது. நோய் ஆறிய பிறகும் எங்காவது ஒரு மூலையில் படுத்துத் தூங்கும். சமயம் பார்த்து எழுந்திருக்கும்.

இரண்டு நோய், ஒரு கிருமி

சின்னம்மை குழந்தைகளுக்கு வருவது. உடம்பு முழுவதும் கொப்புளம் போடும். அக்கி பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது. உடம்பில் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போட்டது போலக் கொப்புளம் கிளம்பும். இரண்டும் பார்வைக்கு வெவ்வேறு நோய்கள். ஆனால் கிருமி ஒன்றே.

இந்தச் சந்தேகம் முதலில் ஹங்கேரி நாட்டில் எழுந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் புடாபெஸ்ட் நகரில் போகே என்ற டாக்டர் இருந்தார். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அக்கி வந்தால், சில நாட்கள் கழித்து அந்த வீட்டுக் குழந்தைக்குச் சின்னம்மை வருவதை அவர் கவனித்தார்.

இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறு ஊர் இருக்கிறது. அங்கே ஹோப் சிம்ப்சன் என்ற சாதாரண குடும்ப டாக்டர் வைத்தியம் பார்த்து வந்தார். தம்மிடம் அக்கியோடு வந்தவர்களை 1947 முதல் 1962 வரை, 16 ஆண்டுகள் விடாமல் கணக்கு எழுதினார். மொத்தம் 192 பேர். வயது ஏற ஏற அக்கியும் அதிகம் வருவதை அந்தக் கணக்கு காட்டியது.

1965-ல் அவர் தம் முடிவை வெளியிட்டார். 'சிறு வயதில் சின்னம்மை ஆறியதும் கிருமி நரம்பின் முடிச்சுகளில் போய் ஒளிந்து கொள்கிறது. உடம்பின் காவல் தளரும்போது எழுந்து, அந்த நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி' என்பது அவர் கருத்து. பிற்காலத்து ஆராய்ச்சிகள் அது சரி என்று காட்டின.

நீரில் இல்லாத கிருமி

இந்தக் கிருமியின் கன்னக்கோல் புத்தி முதலில் வெளிப்பட்டது அமெரிக்காவில். அதுவும் ஒரு சுவையான கதை.

1948-ல் பாஸ்டன் நகரில் தாமஸ் வெல்லர் என்ற விஞ்ஞானி சின்னம்மைக் கிருமியைச் சோதனைக் குடுவையில் வளர்க்க முயன்றார். சில குடுவைகள் மிஞ்சின. வீணாக்குவானேன் என்று அவற்றில் இளம்பிள்ளை வாதக் கிருமியை விட்டார். என்ன ஆச்சரியம்! சின்னம்மைக் கிருமி வளரவில்லை. இளம்பிள்ளை வாதக் கிருமி வளர்ந்து விட்டது! போலியோ தடுப்பு மருந்துக்கு வழி திறந்தது அந்தக் குடுவைதான். அதற்காக வெல்லருக்கும் அவருடைய கூட்டாளிகள் இருவருக்கும் 1954-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சின்னம்மைக் கிருமியை வெல்லர் விடவில்லை. பிறகு அதையும் வளர்த்துக் காட்டினார். 1953-ல் அதைப் பற்றி எழுதினார். ஆனால் அதில் ஒரு விசித்திரம் இருந்தது.

மற்ற கிருமிகள் வளர்ந்ததும் குடுவையில் உள்ள நீரில் கலந்து விடும். அந்த நீரை எடுத்து அடுத்த குடுவையில் விட்டால் அங்கேயும் நோய் பிடிக்கும். சின்னம்மைக் கிருமி அப்படிச் செய்யவில்லை. நீரை ஊற்றினால் ஒன்றும் நடக்கவில்லை. நோய் பிடித்த செல்களையே எடுத்துப் போட்டால்தான் அடுத்த குடுவையிலும் நோய் பிடித்தது.

அதற்கு என்ன அர்த்தம்? கிருமி வெளியே வரவில்லை. செல்லுக்குள் இருந்தபடியே அடுத்த செல்லுக்குப் போகிறது!

உடம்பு என்ற ஊர்

நம் உடம்பு கோடிக் கணக்கான செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன வீடு. அந்த வீடுகள் தோலில் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக இருக்கின்றன. இரத்தமும், செல்களைச் சுற்றி ஊறும் நீரும்தான் தெரு.

தெருவில் ரோந்து சுற்றும் போலீஸ்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிர்ப்புப் பொருள்கள் என்று பெயர். வெளியே திரியும் கிருமியைக் கண்டால் இவை ஓடிப்போய் ஒட்டிக் கொள்ளும். கிருமியால் எந்தச் செல்லுக்குள்ளும் நுழைய முடியாமல் போய் விடும்.

வைரஸ் கிருமிக்குத் தானாக வளரத் தெரியாது. அது ஒரு செல்லுக்குள் நுழையும். அந்தச் செல்லின் கருவிலே உட்கார்ந்து கொண்டு, 'எனக்கு வேண்டியதைச் செய்' என்று உத்தரவு போடும். செல்லும் தன் வேலையை விட்டு விட்டுக் கிருமிக்கு வேண்டிய புரதங்களைச் செய்து கொடுக்கும். அவற்றைக் கொண்டு புதிய கிருமிகள் உருவாகும்.

இப்படிப் பிறந்த கிருமிகள் எப்படியாவது பக்கத்துச் செல்லுக்குப் போக வேண்டும். தெருவில் இறங்கினால் போலீஸ். என்ன செய்வது?

வழி காட்டும் ஜோடி

இங்கேதான் கிருமியின் புரதங்கள் கை கொடுக்கின்றன. கிருமியின் மேல் தோலில் பல புரதங்கள் முள் முள்ளாக நீட்டிக் கொண்டிருக்கும். ஆங்கில எழுத்துகளை வைத்து விஞ்ஞானிகள் அவற்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

அவற்றில் 'ஈ' என்ற புரதமும் 'ஐ' என்ற புரதமும் எப்போதும் ஜோடியாகச் சேர்ந்தே இருக்கும். வழி காட்டுவது இந்த ஜோடியின் வேலை.

புதிய கிருமிகள் செல்லுக்குள் சின்னச் சின்னப் பைகளில் அடைபட்டுக் கிடக்கும். அந்தப் பைகளை வெட்ட வெளிப் பக்கம் போக விடாமல், பக்கத்துச் செல்லை ஒட்டிய சுவர்ப் பக்கம் திருப்பி விடுகிறது இந்த ஜோடி. இரண்டு செல்களும் ஒட்டும் இடத்தில் மிகக் குறுகிய சந்து இருக்கிறது. கிருமி அங்கே இறங்குகிறது. எதிர்ப்புப் பொருள்கள் அந்த இடுக்கில் எளிதில் புக முடியாது.

அடுத்து 'பி', 'எச்', 'எல்' என்ற புரதங்கள் வேலையைத் தொடங்குகின்றன. இவை கிருமியின் தோலையும் பக்கத்துச் செல்லின் தோலையும் ஒன்றாக உருக்கி ஒட்டி விடுகின்றன. துளை விழுகிறது. கிருமி உள்ளே போய் விடுகிறது. கன்னம் வைத்தாகி விட்டது!

'ஈ', 'ஐ' ஜோடிக்கு இன்னொரு தந்திரமும் தெரியும். எதிர்ப்புப் பொருளின் வால் பக்கத்தை அது பிடித்துக் கொள்ளும். திருடனே போலீஸ்காரரின் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். பிடிபட்ட எதிர்ப்புப் பொருளால் மற்றக் காவலர்களைக் கூவி அழைக்க முடியாது.

சோதனைத் தட்டில் சாட்சி

இது வெறும் ஊகம் அல்ல. கனடா நாட்டில் மாக்மாஸ்டர் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சனும் அவருடைய கூட்டாளிகளும் 1994-ல் இதைச் சோதனை செய்து காட்டினார்கள். அவர்கள் எடுத்துக் கொண்டது உதட்டுக் கொப்புளக் கிருமியை.

ஒரு தட்டில் பாய் விரித்தது போலச் செல்களை வளர்ப்பார்கள். அதில் கிருமியை விடுவார்கள். கிருமி பிடித்த செல் சாகும். பிறகு அதன் பக்கத்துச் செல் சாகும். பிறகு அதற்கும் அடுத்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் பொட்டு வைத்தது போலத் தெரியும். பொட்டு எவ்வளவு பெரிதோ, கிருமி அவ்வளவு தூரம் பரவி இருக்கிறது என்று அர்த்தம்.

'ஈ' புரதம் இல்லாத கிருமியை விட்டால் பொட்டு சிறிதாகவே நின்று விட்டது. அந்தக் கிருமி வெளியில் இருந்து ஒரு செல்லுக்குள் நன்றாகவே நுழைந்தது. உள்ளே குட்டியும் போட்டது. ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போகத்தான் திண்டாடியது!

சின்னம்மைக் கிருமிக்கோ 'ஈ' புரதம் இன்னும் முக்கியம். அது இல்லாவிட்டால் அந்தக் கிருமி வளரவே வளராது.

பன்றிகளைக் காத்த மருந்து

கன்னக்கோல் இல்லாத கிருமியால் ஒரு பெரிய நன்மையும் விளைந்தது.

பன்றிகளைப் பிடிக்கும் ஒரு ஹெர்பிஸ் நோய் இருக்கிறது. 1902-ல் ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர் ஆஜெஸ்கி என்பவர் அதை விவரித்தார். அதனால் அதற்கு அவர் பெயரே நிலைத்தது. குட்டிகள் கூட்டம் கூட்டமாகச் சாகும்.

1961-ல் அதே நாட்டில் பார்த்தா என்ற விஞ்ஞானி, அந்தக் கிருமியைச் சோதனைச் சாலையில் திரும்பத் திரும்ப வளர்த்துப் பலம் இழக்கச் செய்தார். அது நல்ல தடுப்பு மருந்தாக அமைந்தது. அது ஏன் பலம் இழந்தது என்பதன் ரகசியம் பிற்பாடுதான் தெரிந்தது. 'ஈ', 'ஐ' ஆகிய இரண்டு புரதங்களையும் அது இழந்திருந்தது!

இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. தடுப்பு மருந்து பெற்ற பன்றியின் இரத்தத்தில் 'ஈ' புரதத்துக்கு எதிர்ப்புப் பொருள் இருக்காது. நிஜ நோய் பிடித்த பன்றியின் இரத்தத்தில் இருக்கும். ஆகவே ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதித்தே நோயுள்ள பன்றியைப் பிரித்து எடுக்க முடிந்தது. இந்த முறையில் அமெரிக்கப் பண்ணைகளில் இருந்து 2004-ல் இந்த நோய் ஒழிக்கப்பட்டது.

பிறகு எப்படித் தொற்றுகிறது?

'கிருமி செல்லை விட்டு வெளியே வராது என்றால், ஒரு குழந்தையிடம் இருந்து இன்னொரு குழந்தைக்குச் சின்னம்மை எப்படிப் பரவுகிறது?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

உடம்புக்குள் இருக்கும் வரைதான் அது சுவர் வழியே போகிறது. அங்கே தவறிப்போய் வெளியே கிளம்பும் கிருமிகளைச் செல்லே குப்பை அறைக்கு அனுப்பி அழித்து விடுகிறது. ஆனால் தோலின் மேல் அடுக்கில் உள்ள முதிர்ந்த செல்களில், குப்பை அறைக்கு வழி காட்டும் புரதம் குறைந்து விடுகிறது. அதனால் அங்கே மட்டும் கிருமி உயிரோடு வெளியே வருகிறது. கொப்புள நீரில் நிறைந்து நிற்கிறது. அங்கிருந்து அடுத்த ஆளுக்குத் தாவுகிறது. அமெரிக்காவில் கெர்ஷான் தம்பதியர் ஆராய்ந்து கூறிய விளக்கம் இது.

சின்னம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, வெளியார் உள்ளே வராமல் பார்த்துக் கொள்வது நம் நாட்டு வழக்கம். நோயாளியைத் தனியே வைப்பது மிகவும் சரி. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்று உண்டு. கொப்புளம் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கி விடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

கன்னக்கோலே தூண்டில்!

சின்னம்மைக்கு முதலில் தடுப்பு மருந்து கண்டவர் ஜப்பான் நாட்டு விஞ்ஞானி மிச்சியாக்கி தக்காஹாஷி. அவருடைய சின்ன மகனுக்குச் சின்னம்மை கண்டு மிகவும் அவதிப்பட்டான். அதைப் பார்த்த தந்தை இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். 1974-ல் வெற்றி பெற்றார்.

கிருமிதான் செல்லை விட்டு வெளியே வராதே, மருந்துக்கு அதை எப்படிப் பிடிப்பது? ஒலி அலைகளால் செல்களை உடைத்துக் கிருமியை வெளியே எடுத்தார்கள்! இன்று பல நாடுகளில் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடப்படுகிறது.

அக்கிக்கு வேறு வழி தேவைப்பட்டது. கிருமி ஏற்கெனவே நரம்பில் குடி இருக்கிறது. அது கன்னம் வைப்பதால் தெருப் போலீஸ் மட்டும் போதாது. செல்லைத் தொட்டுப் பார்த்து, 'உள்ளே திருடன் இருக்கிறான்' என்று கண்டுபிடிக்கும் வெள்ளை அணுக்கள் வேண்டும். வயதாக வயதாக அவைதான் தளர்ந்து விடுகின்றன. வயோதிகத்தில் அக்கி வருவதற்குக் காரணம் அதுவே.

அந்த அணுக்களைத் தட்டி எழுப்ப எதைக் காட்டுவது? விஞ்ஞானிகள் தேர்ந்து எடுத்தது 'ஈ' புரதத்தை! நோய் பிடித்த செல்லின் மேல் தோலில் அதிகமாகத் தெரிவது அதுதான். கிருமியால் அதை விட்டு விட்டு வாழவும் முடியாது. அந்தப் புரதத்தை மட்டும் தனியே செய்து, உடம்பை உசுப்பும் மருந்து ஒன்றோடு கலந்து ஊசியாக்கினார்கள். இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது.

50 வயதுக்கு மேற்பட்ட 15 ஆயிரம் பேருக்கு மேல் இது சோதிக்கப்பட்டது. பாதிப் பேருக்கு மருந்து ஊசி. பாதிப் பேருக்கு வெறும் ஊசி. சுமார் 3 ஆண்டுகள் கவனித்தார்கள். வெறும் ஊசி போட்டவர்களில் 210 பேருக்கு அக்கி வந்தது. மருந்து ஊசி போட்டவர்களில் 6 பேருக்கு மட்டுமே வந்தது! 2015-ல் இந்தக் கணக்கு வெளியானது. 2017-ல் அமெரிக்காவில் இந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவுக்கு 2023-ல் வந்தது. இரண்டு தடவை போட வேண்டும். விலை அதிகம். யார் போட்டுக் கொள்ளலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

மூன்று நாள் கெடு

அக்கியில் கொப்புளத்தை விடக் கொடியது வலி. கொப்புளம் ஆறிய பிறகும் சிலருக்கு மாதக் கணக்கில், ஏன் வருஷக் கணக்கில் கூட வலி நிற்கும். மேலே துணி பட்டால் கூடத் தீயாய் எரியும். இரவில் தூக்கம் இராது. வீட்டில் உள்ளவர்களுக்கு வெளியே ஒரு காயமும் தெரியாது. 'எல்லாம் ஆறி விட்டதே, இன்னும் என்ன வலி?' என்று கேட்பார்கள். வலி நிஜமானது. கிருமி பாழாக்கிய நரம்பின் வலி அது.

கிருமி பெருகுவதைத் தடுக்கும் மாத்திரை உண்டு. அசைக்ளோவிர் என்று பெயர். அந்த மருந்து பிறந்த ஆராய்ச்சிக் கூடத்தின் பெண் விஞ்ஞானி கெர்ட்ரூட் எலியன் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். நரம்பில் தூங்கும் கிருமியை இந்த மருந்தால் கொல்ல முடியாது. எழுந்து பெருகும் கிருமியைத்தான் அது தடுக்கும். ஆகவே கொப்புளம் கண்ட 3 நாட்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

நம் ஊர்களில் அக்கி கண்டதும் காவி குழைத்து உடம்பில் 'அக்கி எழுதும்' பழக்கம் இருக்கிறது. தோலின் மேல் பூசும் காவி, உள்ளே நரம்பில் இருக்கும் கிருமியை எட்டாது. அக்கி எழுதி விட்டோம் என்று காத்திருப்பதில் அந்த 3 நாட்களும் ஓடிப் போகும். அதுதான் ஆபத்து.

உடம்பில் ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் வரிசை கட்டினால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. கண் பார்வைக்கே ஆபத்து வரலாம். அக்கி கண்டவர் கொப்புளத்தைத் துணியால் மூடி வைக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்களும் கைக்குழந்தைகளும் கொப்புளத்தைத் தொடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். சின்னம்மை கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது.

கன்னம் வைக்கும் திருடனை வாசலில் நின்று பிடிக்க முடியாது. அவன் எந்தச் சுவரில் துளை போடுவான் என்று தெரிந்து, அங்கே காவல் போட வேண்டும். அந்தச் சுவரைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்குப் பல பத்து வருஷங்கள் பிடித்தன. வீட்டில் இருக்கும் பெரியவர் 'முதுகில் ஒரு பக்கம் எரிகிறது' என்று சொன்னால், சட்டையைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.